பெடல் கீழே போகிறது என்றால் முதலில் மாஸ்டர் பம்பைக் கழற்றாதீர்கள்

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். 2009 மைவி கார், ஆட்டோ கியர், 160,000 கிலோமீட்டர் ஓடிய வண்டி. முன்பக்க பிரேக் பேட் புதிதாக மாற்றியாகிவிட்டது. ஆனாலும் பெடல் முதல் மிதியில் பாதிக்கு மேல் இறங்குகிறது, கால் எடுத்து உடனே மறுபடி மிதித்தால் மேலே வந்து கெட்டியாக நிற்கிறது. பட்டறையில் இரண்டு தடவை பிரேக் குழாயில் சிக்கிய காற்றை எடுத்தும் மாறவில்லை. இப்போது மாஸ்டர் பம்ப், அதாவது மிதித்ததும் பிரேக் ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளும் பம்ப், போய்விட்டது, மாற்ற 380 வெள்ளி (ரிங்கிட்) ஆகும் என்கிறார்கள். போன வாரம் பினாங்கில் பாலிக் பூலாவ் மலை இறங்கும்போது பெடல் இன்னும் கீழே போய் பயந்துவிட்டீர்கள். மாற்றலாமா, வேண்டாமா என்று கேட்கிறீர்கள்.

இப்போதைக்கு வேண்டாம். பிறையில் இருபது வருடத்துக்கு மேல் இந்த வேலைதான் பார்க்கிறேன், இதே மாதிரி வந்த வண்டிகளில் மாஸ்டர் பம்ப் உண்மையிலேயே கெட்டுப்போனது குறைவு. உங்களுக்கு இரண்டு கோளாறு தனித்தனியாக இருப்பதுபோல் தெரிகிறது, இரண்டுக்கும் அந்தப் பம்புக்கும் சம்பந்தம் இருக்காது என்பது என் கணிப்பு. ஆனால் கணிப்பை நம்பிச் செலவு செய்யவும் வேண்டாம், செலவு செய்யாமல் விடவும் வேண்டாம், நீங்களே வீட்டு வாசலில் பார்க்கக்கூடிய சோதனைகள் இருக்கின்றன. அதுவரை அந்த வண்டியில் பினாங்குப் பாலம் ஏறாதீர்கள். பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு எங்கும் போகாதீர்கள்.

"பிரேக் சாஃப்ட்டா இருக்கு" என்று எல்லாரும் ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறார்கள், குழப்பமே அங்கேதான் ஆரம்பிக்கிறது. பெடல் மூன்று விதமாகக் கெடும். ஒன்று, பஞ்சை மிதிப்பதுபோல் மெத்தென்று இருக்கும், எவ்வளவு மிதித்தாலும் கெட்டியான ஓர் இடம் வராது. இன்னொன்று, கெட்டியாகத்தான் இருக்கும், ஆனால் அந்தக் கெட்டி வருவதற்கு முன் பெடல் வெகுதூரம் காலியாக இறங்கும். மூன்றாவது, மிதித்துப் பிடித்துக்கொண்டே இருந்தால் சிவப்பு விளக்கில் நிற்கும்போது காலுக்கடியில் மெல்ல மெல்ல அமுங்கிக்கொண்டே போகும். முதலாவது பெரும்பாலும் காற்று. இரண்டாவது பெரும்பாலும் இடைவெளி. மூன்றாவதுதான் மாஸ்டர் பம்ப், இல்லையென்றால் எங்கேயோ ஒழுகல். நீங்கள் எழுதியிருப்பது சுத்தமாக இரண்டாவது வகை. மூன்றாவதைப் பற்றி உங்கள் கேள்வியில் ஒரு வார்த்தைகூட இல்லை.

முதல் சோதனைக்கு ஒரு சாமானும் வேண்டாம். சமமான இடத்தில் வண்டியை நிறுத்தி, கியரை பி-யில் போட்டு, எஞ்சினை அணைத்துவிடுங்கள். பெடலை ஐந்தாறு தடவை மிதித்து விடுங்கள், மிதிக்கும் பலத்தைப் பெருக்கிக் கொடுக்கும் சர்வோவில் மிச்சமிருக்கும் வெற்றிடம் தீர்ந்துவிடும். பிறகு ஒரு நிமிடம் சும்மா இருந்துவிட்டு ஒரே ஒரு மிதி, பெடல் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். பள்ளிக்கூட மர ரூலர் ஒன்றைத் தரையிலிருந்து பெடல் பக்கமாக நிறுத்தி வைத்துக்கொண்டால் கண்ணுக்கே தெரியும். இப்போது ஹேண்ட் பிரேக்கை முழுக்க, நன்றாக இழுத்துப் பிடித்துவிட்டு அதே மாதிரி மிதியுங்கள். பெடல் முன்பைவிடத் தெளிவாக மேலே நிற்கிறதா? நின்றால் கோளாறு பின்பக்க டிரம்மில். டிரம் என்பது சக்கரத்தோடு சுற்றும் வட்டப் பெட்டி, அதன் உள்சுவரைப் பிரேக் ஷூ அழுத்தித்தான் சக்கரம் நிற்கிறது. ஹேண்ட் பிரேக் இழுத்ததும் பிரேக் ஷூ டிரம் பக்கம் தள்ளப்பட்டுவிட்டது, பெடல் அடைக்க வேண்டிய இடைவெளி குறைந்துவிட்டது, அதனால்தான் மேலே வந்தது. மாஸ்டர் பம்ப் கெட்டிருந்தால் ஹேண்ட் பிரேக் இழுத்தாலும் அது அப்படியேதான் இருக்கும். இழுக்கும்போது எத்தனை கிளிக் வருகிறது என்று எண்ணிக்கொள்ளுங்கள். பெரும்பாலான வண்டிகளில் 5 முதல் 8 கிளிக்குக்குள் பிடித்துவிட வேண்டும். பத்தைத் தாண்டினால் பின்பக்கம் திறந்து பார்த்து ரொம்ப நாள் ஆகிவிட்டது என்று அர்த்தம்.

அந்த இடைவெளி பெடலை எவ்வளவு இறக்கும் என்பதை ஒரு கணக்கு போட்டுக் காட்டுகிறேன், ஏனென்றால் பலர் இதை நம்ப மாட்டேன் என்கிறார்கள். மாஸ்டர் பம்ப் உள்விட்டம் 20.6 மி.மீ. என்று வைப்போம், சக்கரத்தில் ஷூவைத் தள்ளும் வீல் பம்ப் 19 மி.மீ., பெடல் நெம்புவிகிதம் நாலுக்கு ஒன்று. சின்ன வண்டிகளில் இந்த அளவுகள்தான் கிட்டத்தட்ட வரும். ஒவ்வொரு ஷூவும் தேவைக்கு மேல் வெறும் 1 மி.மீ. தள்ளி இருக்கிறது என்றால், நாலு ஷூவையும் தள்ளி அடைக்க சுமார் 1,130 கன மி.மீ. ஆயில் கூடுதலாகப் போக வேண்டும். அதைத் தள்ள மாஸ்டர் பம்ப் பிஸ்டன் 3.4 மி.மீ. நகர வேண்டும். அது காலடியில் பெருகி கிட்டத்தட்ட 13, 14 மி.மீ. ஆகிவிடும். ஷூ 2 மி.மீ. தள்ளியிருந்தால் ஒரு இஞ்சுக்கு மேல் பெடல் காலியாக இறங்கும். நடுவில் ஒரு பொட்டுக் காற்றும் இருக்காது, ஒரு சொட்டு ஒழுகலும் இருக்காது. எல்லாம் நன்றாகத்தான் இருக்கும், பெடல் மட்டும் கீழே.

இரண்டாவது மிதியில் ஏன் மேலே வருகிறது என்பதற்கும் இதுதான் பதில். முதல் மிதியில் ஷூ வெளியே வந்துவிட்டது, அதன் ஸ்பிரிங் அதை முழுக்கத் திரும்ப இழுப்பதற்குள் நீங்கள் மறுபடி மிதித்துவிடுகிறீர்கள், மாஸ்டர் பம்ப் தொட்டியிலிருந்து புது ஆயிலை எடுத்து மிச்ச தூரத்தை நிரப்பிவிடுகிறது. காற்று இருந்தாலும் இரண்டாவது மிதி கொஞ்சம் மேலே வரும், ஆனால் கெட்டியாக நிற்காது, ரப்பர்போல் கொஞ்சம் கொடுத்துக்கொண்டே இருக்கும். நீங்கள் "கெட்டியாக நிற்கிறது" என்று எழுதியிருப்பது எனக்கு முக்கியமாகப் பட்டது.

முன்பக்க டிஸ்க்கில் இந்தத் தொல்லை கிடையாது. பேடை டிஸ்க்கோடு அழுத்தும் கேலிப்பரின் பிஸ்டனைச் சுற்றியிருக்கும் சதுர ரப்பர் வளையம் மிதிக்கும்போது முறுகி, விட்டதும் பிஸ்டனைத் துளியூண்டு பின்னால் இழுக்கும், பேட் தேயத் தேய பிஸ்டன் தானாக முன்னால் வந்து உட்கார்ந்துகொள்ளும். டிரம்மில் அந்த வேலையைச் செய்ய நட்சத்திரப் பல் வைத்த ஓர் அட்ஜஸ்டர் இருக்கிறது. அது தானாகத்தான் இறுகும் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். இறுகத்தான் வேண்டும். ஆனால் பத்துப் பதினைந்து வருடம் ஷூ தூளும் மழைத் தண்ணீரும் சேர்ந்து அதன் மரையைப் பிடித்துக்கொண்டால் எப்படிச் சுற்றும்? அப்புறம் இன்னொன்று, சில வண்டிகளில் இந்த அட்ஜஸ்டர் ஹேண்ட் பிரேக் இழுக்கும்போதுதான் ஒரு பல் நகரும், சிலவற்றில் பின்னால் எடுக்கும்போது மிதித்தால் நகரும். ஆட்டோ கியர் வைத்திருப்பவர்களில் பாதிப் பேர் பி-யில் போட்டுவிட்டு இறங்கிவிடுகிறார்கள், ஹேண்ட் பிரேக்கைத் தொடுவதே இல்லை. முதல் வகை வண்டியாக இருந்தால் அந்த அட்ஜஸ்டருக்கு வருடக்கணக்கில் வேலையே கிடைத்திருக்காது.

இதைவிட எனக்கு ஆற்றாமையாக இருக்கும் விஷயம் ஒன்று. ஹேண்ட் பிரேக் உயர இழுக்க வேண்டியிருக்கிறது என்று வண்டிக்காரர் சொன்னால், கன்சோலைத் திறந்து கேபிளில் இருக்கும் நட்டை இறுக்கிக் கொடுத்துவிடுகிறார்கள். இரண்டு நிமிட வேலை. ஹேண்ட் பிரேக் நாலு கிளிக்கில் பிடித்துவிடும், வண்டிக்காரருக்கும் சந்தோஷம். ஆனால் கேபிள் இறுகியதால் உள்ளே ஷூவோடு இருக்கும் லீவர் அதன் ஓய்வு இடத்துக்குத் திரும்பாமல் பாதியிலேயே நிற்கும், அட்ஜஸ்டர் ஒரு பல்லும் நகர முடியாமல் போய்விடும். அன்றிலிருந்து ஷூ தேயத் தேய பெடல் இறங்கிக்கொண்டே வரும். வண்டிக்காரர் ஹேண்ட் பிரேக் நன்றாக இருக்கிறதே என்று பின்பக்கத்தைச் சந்தேகிக்கவே மாட்டார். கேபிளை எப்போதும் கடைசியில்தான் தொட வேண்டும். முதலில் தளர்த்த வேண்டும், ஷூவைச் சரிசெய்ய வேண்டும், பெடலை நாலைந்து தடவை மிதித்து ஷூவை நடுவில் உட்கார வைக்க வேண்டும், பிறகுதான் கேபிள். அதனால் உங்கள் வண்டியில் கிளிக் குறைவாக வந்தாலும் பின்பக்கம் சரியாக இருக்கிறது என்று முடிவு செய்துவிடாதீர்கள், யாராவது கேபிளை இறுக்கினார்களா என்று கேட்டுப் பாருங்கள்.

டிரம்மைத் திறக்கச் சொல்லுங்கள். நீங்களே செய்வதாக இருந்தால் முன் சக்கரங்களுக்குக் கட்டை வையுங்கள், வண்டியோடு வந்த ஜாக்கை மட்டும் நம்பி அடியில் கை விடாதீர்கள், ஸ்டாண்ட் போடுங்கள். டிரம் வராமல் பிடித்துக்கொண்டால் சுத்தியலால் அடிப்பதற்கு முன் முகத்தில் இரண்டு சின்ன மரைத் துளைகள் இருக்கிறதா என்று பாருங்கள், பல டிரம்களில் 8 மி.மீ. போல்ட் இரண்டை அதில் மாறி மாறி இறுக்கினால் தானாகத் தள்ளிக்கொண்டு வரும். உள்ளே இருக்கும் தூளைக் காற்றடித்து ஊதாதீர்கள், பிரேக் கிளீனர் அடித்து ஈரமாக்கித் துடையுங்கள், அந்தத் தூள் நெஞ்சுக்கு நல்லதல்ல.

இப்போது வீல் பம்பின் இரண்டு முனையிலும் இருக்கும் ரப்பர் மூடியின் விளிம்பை விரலால் மெதுவாகத் தூக்கிப் பாருங்கள். உள்ளே உலர்ந்திருக்க வேண்டும். லேசான ஈரப்பசை என்றால் பரவாயில்லை. ஆயில் தேங்கி நின்று வழிந்தால் அந்த வீல் பம்ப் முடிந்தது, ஷூ நனைந்திருந்தால் ஷூவும் முடிந்தது, ஒரு பக்கம் மட்டும் மாற்றாமல் இரண்டு பக்கமும் மாற்றுங்கள். டிரம்முக்குள் ஒழுகுவது வெளியே தரையில் சொட்டாமல் பல நாள் மறைந்திருக்கும், அதனால் "கீழே ஒரு சொட்டும் இல்லை" என்பதை வைத்து ஒழுகல் இல்லை என்று சொல்லிவிட முடியாது. டிரம் எவ்வளவு தேயலாம் என்ற உச்ச விட்டம் டிரம்மிலேயே எழுதியிருக்கும், அதைத் தாண்டியிருந்தால் மாற்ற வேண்டியதுதான்.

அட்ஜஸ்டரைக் கழற்றினால் இடது எது வலது எது என்று அடையாளம் போட்டு வையுங்கள். இரண்டின் மரையும் எதிரெதிர்த் திசையில் வெட்டியிருக்கும். மாற்றிப் போட்டுவிட்டால் ஒவ்வொரு தடவை நகரும்போதும் இறுகுவதற்குப் பதில் தளர்ந்துகொண்டே போகும், ஒரு மாதத்தில் பெடல் மறுபடி தரைக்குப் போய்விடும். கம்பி பிரஷ்ஷால் மரையைச் சுத்தம் செய்து, சூடு தாங்கும் கிரீஸ் துளி தடவி, கையாலேயே சுலபமாகச் சுற்றுகிற வரை விடாதீர்கள். டிரம்மைப் போட்டு, பின்தட்டில் இருக்கும் ஓட்டை வழியாகத் தட்டை ஸ்குரூடிரைவரால் பல்லைச் சுற்றிக்கொண்டே வாருங்கள். சக்கரத்தைக் கையால் சுற்றினால் சர் சர் என்று உரசும் சத்தம் சீராகக் கேட்கும், அங்கிருந்து சில பல் பின்னால் விட்டால் சுதந்திரமாகச் சுற்றும். இரண்டு பக்கமும் ஒரே அளவு. இதை முடித்துவிட்டு மறுபடி மர ரூலரை வைத்துப் பாருங்கள்.

சரி, ஹேண்ட் பிரேக் இழுத்தும் பெடலில் எந்த மாற்றமும் இல்லை என்றால்? அப்போதுதான் காற்றைப் பற்றி யோசிக்க வேண்டும். காற்று ஏன் இவ்வளவு கெடுக்கிறது என்றால், மிதிக்கும்போது குழாயில் 50 பார் அழுத்தம் சாதாரணமாக வரும், அந்த அழுத்தத்தில் காற்று ஐம்பதில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். வெறும் 1 மில்லி காற்று இருந்தால் போதும், முன்னே சொன்ன அதே கணக்கில் பெடல் 12 மி.மீ. இறங்கிவிடும், அதுவும் பஞ்சுபோல்.

காற்று எடுக்கும்போது மாஸ்டர் பம்பிலிருந்து தூரமாக இருக்கும் சக்கரத்தில் தொடங்குவது வழக்கம், நம் ஊர் வண்டிகளில் டிரைவர் வலப்பக்கம் என்பதால் அது பின்பக்க இடது சக்கரம். உங்கள் வண்டியின் சர்வீஸ் புத்தகம் வேறு வரிசை சொன்னால் அதன்படியே செய்யுங்கள். காற்றை வெளியே விடும் திருகான நிப்பலுக்கு ரிங் ஸ்பேனர்தான் போட வேண்டும், வாய் திறந்த ஸ்பேனர் மூலையை மழுக்கிவிடும். வெள்ளைக் குழாய் ஒன்றை நிப்பலில் மாட்டி, மறுமுனையை ஆயில் கொஞ்சம் ஊற்றிய போத்தலுக்குள் முங்க விடுங்கள். உள்ளே இருப்பவர் மிதித்துப் பிடித்ததும் நீங்கள் அரைச் சுற்றுத் தளர்த்துங்கள், பெடல் இறங்கியதும் மூடுங்கள், மூடிய பிறகுதான் அவர் காலை எடுக்க வேண்டும். முதலில் பட்டாணி அளவு குமிழ் வரும், பிறகு கடுகு அளவில் சங்கிலிபோல் வரும், அதோடு நிறுத்திவிடக் கூடாது, குழாய் முழுக்கக் கண்ணாடிபோல் தெளிவாகும் வரை போக வேண்டும். நடுவில் தொட்டி காலியாகிவிட்டால் மறுபடி முதலிலிருந்து.

பழைய வண்டியில் காற்று எடுக்கும்போது பெடலைத் தரை வரை மிதிக்க விடாதீர்கள், பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டை வையுங்கள். மாஸ்டர் பம்பின் உள்சுவரில் பிஸ்டன் தினமும் போய்வரும் பகுதி மட்டும்தான் வழவழப்பாக இருக்கும், அதற்கு அப்பால் பல வருட அழுக்கும் அரிப்பும் படிந்திருக்கும், ரப்பர் கப் அங்கே போய் வந்தால் கிழியும். ஆரம்ப காலத்தில் நானே ஒரு பெரியவர் வண்டியில் இப்படித் தரை வரை மிதிக்கச் சொல்லி வேலை பார்த்தேன், மறுநாள் காலை பெடல் அமுங்குகிறது என்று வந்து நின்றார், என் கைக்காசில் பம்ப் வாங்கிப் போட்டுக் கொடுத்தேன். உங்கள் வண்டியில் இரண்டு தடவை காற்று எடுத்திருக்கிறார்கள். எப்படி மிதித்தார்கள் என்று தெரியாது, ஆகவே பெடலை மிதித்துப் பிடிக்கும் சோதனையை நீங்கள் கட்டாயம் செய்ய வேண்டும், கீழே சொல்கிறேன்.

எத்தனை தடவை எடுத்தாலும் காற்று போகவே இல்லை என்று ஜெலுத்தோங்கிலிருந்து ஒருவர் ஒருமுறை வண்டி கொண்டுவந்தார். மூன்று இடத்தில் பார்த்தாகிவிட்டது, ஆயில் லிட்டர் கணக்கில் ஊற்றியாகிவிட்டது. முன் சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தால் நிப்பல் கேலிப்பரின் அடியில் இருக்கிறது! வலது கேலிப்பரை இடதுபக்கமும் இடதை வலதுபக்கமும் மாட்டியிருக்கிறார்கள். காற்று மேலேதான் போய் நிற்கும், நிப்பல் கீழே இருந்தால் ஆயுளுக்கும் ஆயில்தான் வரும். கேலிப்பரை மாற்றி மாட்டினேன், ஒரே தடவையில் பெடல் கல்லாக நின்றது. உங்களுக்குப் பேட் மட்டும்தான் மாற்றினார்கள், இருந்தாலும் கேலிப்பரை எப்போதாவது கழற்றியிருந்தால் நிப்பல் மேல்பக்கம்தானா என்று குனிந்து ஒரு பார்வை பாருங்கள்.

சக்கரம் பூட்டாமல் தடுக்கும் ஏபிஎஸ் உள்ள வண்டி என்றால், அதன் பெட்டிக்குள் காற்று போயிருந்தால் சாதாரணமாக மிதித்து எடுத்தால் வராது, ஸ்கேனர் வைத்து உள்ளே இருக்கும் பம்பை ஓடவிட்டு எடுக்க வேண்டியிருக்கும்.

எந்தச் சக்கரம் என்று தெரியாவிட்டால் ரப்பர் ஹோஸ்களை ஒவ்வொன்றாகக் கவ்விப் பார்ப்பது நல்ல வழி. இதற்கென்றே உருண்டையான வாய் உள்ள கவ்வி இருக்கிறது, பிளேயரால் நசுக்காதீர்கள், வெடிப்பு விட்ட பழைய ஹோஸிலும் கம்பி பின்னிய ஹோஸிலும் செய்யாதீர்கள். நாலையும் கவ்வினால் பெடல் உயரத்தில் கெட்டியாக நிற்க வேண்டும். நின்றால் மாஸ்டர் பம்ப் பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கிறது. பிறகு ஒவ்வொன்றாக விட்டுக்கொண்டே வாருங்கள், எதை விட்டதும் பெடல் சட்டென்று இறங்குகிறதோ அந்தச் சக்கரத்தில் காற்றோ, இடைவெளியோ, ஊதிப் பெருகும் ஹோஸோ இருக்கிறது.

மாஸ்டர் பம்புக்கு வருகிறேன். சர்வோவின் வெற்றிடத்தை முன்பு போலவே தீர்த்துவிட்டு, பெடலை மிதித்து ஒரு நிமிடம் அப்படியே பிடியுங்கள். முதலில் பலமாக. பிறகு விட்டுவிட்டு, மெதுவாக, சிவப்பு விளக்கில் நிற்கும்போது மிதிப்பதுபோல் லேசாக. இந்த இரண்டாவதுதான் முக்கியம், தேய்ந்த ரப்பர் கப் பலமாக மிதித்தால் விரிந்து சுவரை அடைத்துக்கொள்ளும், லேசாக மிதிக்கும்போதுதான் அதன் ஓரம் வழியாக ஆயில் பின்னால் நழுவும். பெடல் மெல்ல இறங்கிக்கொண்டே போய், தொட்டியில் ஆயில் குறையாமலும் இருந்தால், அது மாஸ்டர் பம்ப்தான், நீங்கள் தாராளமாக மாற்றலாம். ஆயிலும் குறைகிறது, வெளியே எங்கும் ஈரமில்லை என்றால் மாஸ்டர் பம்புக்கும் சர்வோவுக்கும் நடுவில் பாருங்கள், பின் ரப்பர் போய்விட்டால் ஆயில் சர்வோவுக்குள் போய்த் தேங்கும். எஞ்சினை ஓடவிட்டதும் பெடல் துளி இறங்குவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அது சர்வோ வேலை செய்வதன் அடையாளம்.

மாற்றத்தான் வேண்டும் என்றால், பழைய வண்டிகளை வெட்டிச் சாமான் விற்கும் ஹாஃப் கட் கடையில் பழையது வாங்காதீர்கள். எஞ்சின், கதவு, விளக்கு எல்லாம் அங்கே வாங்குங்கள், நானும் வாங்குகிறேன். ஆனால் மாதக்கணக்கில் காய்ந்து கிடந்த ரப்பரை பிரேக்கில் நம்புவது வேண்டாம். புதியதை வண்டியில் மாட்டுவதற்கு முன் மேசையில் வைத்து அதன் காற்றை எடுத்துவிட்டு மாட்டினார்களா என்று கேளுங்கள், இல்லையென்றால் மறுபடி பஞ்சுப் பெடல்தான்.

இப்போது பாலிக் பூலாவ் மலை. அது வேறு கதை, அதுதான் எனக்கு அதிகக் கவலை. பேட் மாற்றும்போது "பிரேக் ஆயில் கொஞ்சம் ஊற்றினார்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். ஊற்றியது வேறு, மாற்றியது வேறு. நாம் போடும் டாட் 3, டாட் 4 ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும் சாதி. பினாங்கு ஈரக் காற்றைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. புது டாட் 3 ஆயில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது, டாட் 4 என்றால் 230. ஆனால் தர அளவீட்டின்படி 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்தால் அந்த உத்தரவாதம் 140-க்கும் 155-க்கும் இறங்கிவிடும். பாயா தெருபோங் பக்கம் இறங்கும் அந்த வளைவுகளில் காலை எடுக்காமல் மிதித்துக்கொண்டே வந்தால் டிஸ்க்கின் சூடு பேட் வழியாக, பிஸ்டன் வழியாக ஆயிலுக்குப் போகும். ஆயிலில் இருக்கும் தண்ணீர் ஆவியாகும். ஆவி என்றால் காற்றுமாதிரிதான், மிதித்தால் சுருங்கும். பெடல் தரைக்குப் போகும்.

கீழே வந்து அரை மணி நேரம் ஓரமாக நின்றால் ஆவி மறுபடி திரவமாகிவிடும், பெடலும் பழையபடி ஆகிவிடும், மறுநாள் பட்டறையில் பார்த்தால் ஒன்றும் தெரியாது. அதனால்தான் பலர் இதைத் தாங்கள் கற்பனை செய்துகொண்டதாக நினைத்து விட்டுவிடுகிறார்கள், நீங்கள் விடாமல் எழுதியது நல்லது. பெடல் கெட்டியாகவே இருந்து வண்டி மட்டும் நிற்காமல், கருகிய வாடை அடித்தால் அது பேட் சூடேறி வழுக்குவது. உங்களுக்குப் பெடலே இறங்கியது, ஆகவே ஆயில். பின்பக்க இடைவெளியால் ஏற்கெனவே பாதி தூரம் போய்விட்ட பெடலில் இந்த ஆவியும் சேர்ந்தால் மிச்சம் என்ன இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

பழைய ஆயிலை முழுக்க எடுத்துவிட்டுப் புது ஆயில் போடச் சொல்லுங்கள், ஒரு லிட்டர் வாங்கினால் போதும். தொட்டி மூடியில் டாட் 3 என்று போட்டிருந்தாலும் டாட் 4 ஊற்றலாம், ஆனால் டாட் 5 வேண்டாம், அது சிலிகான், இதோடு சேராது. சீல் உடையாத போத்தலாக வாங்குங்கள், பட்டறை மூலையில் மூடி திறந்து கிடப்பது வேண்டாம். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றிக்கொண்டால் நம் ஊருக்குச் சரியாக இருக்கும். பெயிண்டில் பட்டால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடுங்கள். அப்படியே தொட்டி மூடியின் ரப்பரையும் பாருங்கள், அது ஊதிப் பெருத்து உட்கார மறுத்தால் யாரோ ஸ்டியரிங் ஆயிலையோ எஞ்சின் ஆயிலையோ தவறி ஊற்றியிருக்கிறார்கள். அப்படி இருந்தால் உள்ளே இருக்கும் எல்லா ரப்பரும் ஊதியிருக்கும், வெறும் ஆயில் மாற்றினால் தீராது, வண்டியை நகர்த்தாமல் என்னிடம் சொல்லுங்கள்.

மலை இறங்கும்போது கீழ் கியருக்கு மாற்றி எஞ்சின் இழுவையில் இறங்குங்கள். வளைவுக்கு முன் நன்றாக ஒரு மிதி, பிறகு காலை எடுத்துவிடுங்கள், அந்த இடைவெளியில் டிஸ்க் காற்று வாங்கும். எப்போதாவது பெடல் திடீரென்று கீழே போய்விட்டால் மிதித்துக்கொண்டே நிற்காதீர்கள், படபடவென்று பலமுறை மிதியுங்கள், கியரைக் குறையுங்கள், ஹேண்ட் பிரேக்கை அதன் பட்டனை அழுத்திப் பிடித்தபடியே கொஞ்சம் கொஞ்சமாக இழுங்கள், ஒரேயடியாக இழுத்தால் பின் சக்கரம் பூட்டி வண்டி சுற்றிவிடும்.

நாளைக் காலை பசியாறிவிட்டு வாசலிலேயே பாருங்கள், பத்து நிமிட வேலைதான். ஹேண்ட் பிரேக் எத்தனை கிளிக், அதை இழுத்த பிறகு பெடல் எத்தனை மி.மீ. உயர்ந்தது, லேசாக மிதித்து ஒரு நிமிடம் பிடித்தால் அமுங்கியதா இல்லையா, இந்த மூன்றையும் எழுதி அனுப்புங்கள். அதுவரை அந்த 380 வெள்ளியைக் கொடுக்காதீர்கள்.